எறும்பு தந்த அமிலம்



ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், எங்கள் தென்காசியில் வீட்டுக்குள் அடங்கிக் கிடப்பவர் வெகு சிலரே. மேற்கே மலைமுடியை மேகம் மூடிக்கொள்ளும். பேரருவியில் நீர் பெருகிற்றா, ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது என்பதே காலை முதல் மாலை வரை ஊர்ப் பேச்சாக இருக்கும். அருவியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுடையோர் பலர் உளர். நான் பேச வந்தது அருவிக்குப் போகும் வழியில் உள்ள மாந்தோப்புகளைப் பற்றியும், அம்மாமரங்களில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டி வாழ்கின்ற ஒரு சிற்றுயிரைப் பற்றியும், அச்சிற்றுயிரின் பெயரைத் தாங்கி இன்று தொழிற்சாலைகளில் டன் கணக்கில் புழங்குகின்ற ஒரு கொடிய திராவகத்தைப் பற்றியுமே ஆகும்.

முசுறு என்று நம் பக்கத்தில் சொல்லுவோம். முயிறு என்பது அதன் பழைய வடிவம். செந்நிறமுடைய எறும்பு, நீண்ட கால்களை உடையது, கூட்டைத் தொட்டவனை எளிதில் விடாது. மாங்காய்க்காக மரமேறிய சிறுவன் எவனும் அதன் கடியை மறந்திருக்க மாட்டான். முசுறு முதலில் தாடையால் கடித்துத் தோலைக் கீறும். பிறகு வயிற்றை முன்புறமாக வளைத்து, அதன் நுனியிலிருந்து ஒரு துளி நீரை அந்தக் கீறலில் பீய்ச்சும். எரிச்சலை உண்டாக்குவது அந்தத் துளியே. கூட்டை ஒரு குச்சியால் தட்டிவிட்டுச் சற்றே முகர்ந்து பார்த்தவர்க்கு, மூக்கைத் துளைக்கும் புளிப்பு நெடி ஒன்று எட்டியிருக்கும். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், வகுப்புப் பிள்ளைகளை ஒரு தோப்புக்கு அழைத்துச் சென்று, நீலச் சங்குப்பூக்களை ஒரு கழியின் முனையில் கட்டி முசுற்றுக் கூட்டின்மேல் வைத்துக் காட்டுவது உண்டு. சிறிது நேரத்தில் நீல இதழ்களில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். லிட்மஸ் தாள் வாங்கப் பணம் ஒதுக்காத பள்ளிக்கு இதைவிடச் சிறந்த பரிசோதனைச்சாலை ஏது?

இந்த வித்தை புதியதன்று என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் ரே என்னும் இயற்கை நூலறிஞர், எறும்புப் புற்றில் இட்ட நீலப்பூ சிவப்பாக மாறுவதைக் குறித்து எழுதியிருக்கிறார். எறும்புகளை வாலையில் இட்டு வடித்தால் புளிப்பு நீர் ஒன்று இறங்குகிறது என்ற செய்தியும் 1671-ஆம் ஆண்டளவில் அவர் வழியாகவே அறிஞர் உலகுக்குக் கிட்டியது. 1749-இல் ஜெர்மானியராகிய மார்க்கிராப் அதனை ஓரளவு தூய நிலையில் பிரித்தெடுத்தார். எறும்புக்கு இலத்தீன் மொழியில் பார்மிகா என்று பெயர். அதனால் அத்திராவகம் பார்மிக் அமிலம் ஆயிற்று. நாம் எறும்பமிலம் என்று சொன்னால் பொருத்தமாகவே இருக்கும். 1855-இல் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் பெர்த்தலோ, கார்பன் மோனாக்சைடு வாயுவைக் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கி, எறும்பின் தயவு இல்லாமலே இந்த அமிலத்தைப் பெற வழி கண்டார்.

இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். தேனீ கொட்டுவதும், செந்தட்டிச் செடி பட்டால் அரிப்பதும், எந்த எறும்பு கடித்தாலும் எரிவதும் பார்மிக் அமிலத்தால்தான் என்று நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். எனக்கு என் ஆசிரியர் அப்படித்தான் சொன்னார்; புத்தகமும் அப்படியே சொல்லிற்று. உண்மை அதுவன்று. தேனீயின் நஞ்சில் வலி தருவது பெரும்பாலும் புரதத்தைச் சார்ந்த வேறு பொருள்கள். தீயெறும்பு என்ற வகையின் நஞ்சு ஆல்கலாய்டு இனத்தைச் சேர்ந்தது. செந்தட்டியின் சுணையிலும் வலிக்குக் காரணம் வேறு. முசுறும் அதன் நெருங்கிய உறவினங்களுமே இந்த அமிலத்தை உண்மையாகப் பீய்ச்சுபவை. தேனீ கொட்டிய இடத்தில் சோடா மாவு தேய்த்தால் அமிலம் நீங்கிவிடும் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட மாணவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களுள் சிலரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நோட்டில் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி அமிலத்தின் குணங்களுக்கு வருவோம். கரிம அமிலங்களுள் இதுவே மிகச் சிறியது. ஒரே ஒரு கார்பன் அணு, இரண்டு ஆக்ஸிஜன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான் மூலக்கூறு. நிறமில்லை. தெளிந்த நீரைப் போல இருக்கும். நீரோடு எந்த அளவிலும் கலக்கும். தூய அமிலம் கொதிப்பது 100.8 டிகிரி செல்சியஸில். தண்ணீரின் கொதிநிலைக்கு ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. 8.4 டிகிரியில் உறைந்துவிடும். கையில் தூக்கிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஒரு லிட்டர் தூய அமிலம் 1.22 கிலோ எடை இருக்கும். கண்ணுக்கு அது தண்ணீர். மூக்குக்கும் தோலுக்குமே அது அமிலம். நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் இதற்கே திரும்பி வருவேன்.

காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தைவிட இது ஏறத்தாழப் பத்து மடங்கு வலிமை வாய்ந்தது. கல்லூரி மாணவர்கள் இன்னொரு குணத்தையும் அறிந்திருக்கலாம். இம்மூலக்கூற்றின் அமைப்பை ஒரு பக்கமிருந்து பார்த்தால் அமிலம். மறுபக்கமிருந்து பார்த்தால் ஆல்டிஹைடு. ஆகவே டாலன்ஸ் கரைசலில் இருந்து வெள்ளியைப் பிரித்துச் சோதனைக்குழாயின் உட்புறம் கண்ணாடி போலப் படியச் செய்யும். அசிட்டிக் அமிலத்தால் அது இயலாது. இரண்டு குப்பிகளில் எது எறும்பமிலம் என்று கண்டுபிடிக்கச் சொல்லும் செய்முறைத் தேர்வில் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. செறிந்த கந்தகத் திராவகம் இதனிடமிருந்து நீரைப் பறித்துக்கொள்ளும். எஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டிருப்பவனையே மூச்சடைத்துக் கொல்லக் கூடியது. ஆகவே இவ்விரு அமிலங்களையும் ஒரே அலமாரியில் வைப்பது அறியாமை. செறிந்த எறும்பமிலம் தானாகவே நாளடைவில் மிக மெதுவாகச் சிதைந்து அதே வாயுவை வெளியிடுவதும் உண்டு. நீண்ட நாள் இறுக மூடி வெயிலில் கிடந்த கேன் உப்பியிருப்பதைக் கண்டால் அதன் மூடியில் முகத்தை வைத்துக்கொண்டு திருகலாகாது.

தென்காசிக்கும் இந்த அமிலத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். செங்கோட்டையில் இரயில் ஏறி மேற்கே ஒரு மணி நேரம் சென்று பாருங்கள். 1904-இல் போடப்பட்ட அந்தப் பாதை 2018-இல் அகலப் பாதையாக மாறிவிட்டது. குகைகளைக் கடந்து, பதின்மூன்று கண் பாலத்தின்மேல் ஊர்ந்து, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்கும்போது மலைச்சரிவெல்லாம் ஒரே வரிசையாக, ஒரே உயரமாக மரங்கள் நிற்கும். அவை இரப்பர் மரங்கள். 1956 நவம்பர் வரையில் செங்கோட்டையே திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் சேர்ந்திருந்தது. கணவாயின் இருபுறத்து மக்களும் இன்றுவரை ஒரே ஊரார் போலப் போக்குவரத்து உடையவர்கள். இக்கரையிலிருந்து பால்வெட்டுக்குப் போகிறவர் உண்டு. அதோடு, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலை தருவதற்காகவே புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976-இல் அமைக்கப்பட்டது. அங்கே குளத்துப்புழைப் பக்கத்து மரங்களில் பால் வெட்டிய கைகள் தமிழ்க் கைகள். தமிழ்நாட்டு எல்லைக்குள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அரசு இரப்பர் கழகம் 1984 முதல் நடந்து வருகிறது.

இரப்பர் இந்த மண்ணுக்கு உரிய மரமன்று. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் 1902-இல் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டில் தோட்ட முறைப் பயிர் தொடங்கிற்று. இதே மலையில் நம் குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இலவங்கமும் சாதிக்காயும் பயிரிட்டுப் பார்த்தது அதற்கு நூறாண்டு முந்திய கதை. அதை இன்னொரு நாள் சொல்ல ஆசை.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்காரர் தோட்டத்துக்குள் செல்வார். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய கீற்று எடுத்தால் வெண்மையான பால் வழிந்து சிரட்டையில் சேரும். வெயில் ஏறுவதற்குள் அதைத் திரட்டிக்கொண்டு வந்து, வடிகட்டி, நீர் கலந்து, அலுமினியத் தட்டுகளில் ஊற்றுவார்கள். பாலில் உள்ள இரப்பர் துகள்கள் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றை ஒன்று விலக்கித் தள்ளுவதால் அவை சேராமல் மிதந்துகொண்டிருக்கின்றன. அங்கே சிறிதளவு அமிலத்தைச் சேர்த்தால் அந்த மின்னேற்றம் நீங்கிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் முழுவதும் திரண்டு தயிர்க்கட்டியாகிவிடும். காய்ச்சிய பாலில் எலுமிச்சம்பழம் பிழிவதைப் பார்த்தவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. மறுநாள் அக்கட்டியை உருளைகளில் கொடுத்து அழுத்தித் தாளாக்கி, நீர் வடியவிட்டு, புகைப்புரையில் தொங்கவிடுவார்கள். பொன்னிறமாகக் காய்ந்து வருவதையே ஷீட் என்று சந்தையில் விற்கிறார்கள்.

இதற்கு ஏற்ற அமிலமாகக் கோட்டயத்தில் உள்ள இரப்பர் வாரியத்தார் எறும்பமிலத்தையே முதன்மையாகப் பரிந்துரைத்து வந்துள்ளனர். அசிட்டிக் அமிலமும் பாலைத் திரட்டும். ஆனால் ஏறத்தாழ இரண்டு பங்கு வேண்டும். கந்தகத் திராவகம் விலை மலிவு. அது பாலை உடனே திரட்டிவிடும், ஆயினும் ஆவியாகாது. கழுவிய பின்னும் தாளிலே தங்கி, நாட்பட அதைப் பிசுபிசுக்கச் செய்து கெடுக்கும், உருளையையும் அரிக்கும். எறும்பமிலமோ கழுவும்போதும் புகையில் காயும்போதும் பெரும்பாலும் போய்விடும். மலிவைக் கருதி மற்றதை வாங்குகிற சிறு விவசாயியை நான் குறை கூறமாட்டேன். விலை இறங்கிய ஆண்டுகளில் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் சேமித்த காசு தாளின் தரத்தில் கரைந்துபோகிறது.

அரைக் கிலோ ஷீட் தரக்கூடிய ஒரு தட்டுப் பாலுக்குத் தேவைப்படும் தூய அமிலம் ஒன்றிரண்டு மில்லிலிட்டரே. கடையிலிருந்து வருவதோ 85 சதவீதச் செறிவுடைய அமிலம். 35 கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக் கேனில் வரும். ஒரு பங்கு அமிலத்துக்கு நூறு பங்கு நீர் என்று கலந்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அதிலும் பாதிச் செறிவு போதும். அந்த நீர்த்த கரைசலால் பெருந்தீங்கு இல்லை. தீங்கெல்லாம் கேனுக்கும் வாளிக்கும் இடையே உள்ள அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

மற்ற உபயோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலில் தோலைப் பக்குவப்படுத்தவும், ஏற்றிய சாயத்தைத் தோலில் நிலைக்கச் செய்யவும் இது உதவுகிறது. கம்பளிக்கும் நைலானுக்கும் சாயம் ஏற்றுவதிலும் பயன்படுகிறது. வட ஐரோப்பிய நாடுகளில் பசும்புல்லை அறுத்துக் குழியிலிட்டுக் குளிர்காலத் தீவனமாகச் சேமிக்கையில் கெடாதிருக்க இதைத் தெளிக்கிறார்கள். தேன்கூட்டில் பற்றும் ஒருவகைச் சிற்றுண்ணியை இதன் ஆவியால் ஒழிக்கிறார்கள். எறும்பின் படைக்கலம் தேனீக்கு மருந்தானது வேடிக்கைதான். நம் நாட்டில் குஜராத் மாநிலத்துப் பரூச்சில் உள்ள நர்மதா பள்ளத்தாக்கு உர நிறுவனத்தில் இது தயாராகிறது. பெர்த்தலோ கையாண்ட அதே கார்பன் மோனாக்சைடுதான் இன்றும் மூலப்பொருள். காரத்துக்குப் பதிலாக மெத்தனாலோடு அதைச் சேர்த்து, பிறகு நீரால் பிரிக்கும் முறையே உலகெங்கும் பெரிதும் வழங்குகிறது.

சென்ற சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற பிறகு, என் பழைய மாணவர் ஒருவர் மருத்துவமனையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்றேன். கணவாய்க்கு அப்பால் ஒரு சிறு தோட்டத்தில் ஷீட் அடிக்கும் வேலை செய்து வந்தவர். மாசி மாதத்து வெயில். பக்கத்துக் கொட்டகைக்கு அமிலம் தேவைப்பட்டது. முழுக் கேனையும் தூக்கிச் செல்ல மனமில்லாத ஒருவர், குடிநீர் விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் கால் பாகம் ஊற்றி எடுத்து வந்து, சுவரோரம் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார். என் மாணவர் வெயிலில் சுமை இறக்கிவிட்டுத் தாகத்தோடு வந்தார். பாட்டில் இருந்தது, தெளிந்த நீர் இருந்தது, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். கொட்டகை முழுவதுமே அந்த நெடி நிறைந்திருந்ததால் மூக்கு எச்சரிக்கவில்லை. பெரும்பகுதியைத் துப்பிவிட்டார். உள்ளே போனது அரை வாய் அளவே.

உடனிருந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு ஒரு தீங்கையும் செய்துவிட்டார்கள். உப்புக் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்தார்கள். இறங்கும்போது தொண்டையைச் சுட்ட அமிலம் ஏறும்போது இரண்டாம் முறை சுட்டது. உயிர் பிழைத்தார். உணவுக்குழாய் வெந்து ஆறி, தழும்பேறிச் சுருங்கிவிட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் அதை விரித்துவிட வேண்டியிருந்தது. கஞ்சியைத் தவிர வேறொன்றும் இறங்காது.

கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கரகரத்த குரலில் அவர் சொன்ன சொற்களை அப்படியே சொல்கிறேன்: “சார்வாள், எறும்பு கடிச்சா ஏன் எரியுதுன்னு நீங்க சொல்லிக் குடுத்தீக. பூவெல்லாம் வச்சுக் காட்டுனீக. பாட்டிலப் பத்திச் சொல்லலியே.” குறை கூறும் குரலில் அவர் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால், நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் பரிசோதனைச்சாலையில் பழைய மருந்துப் பாட்டில்களிலும் சர்பத் பாட்டில்களிலும் அமிலத்தை ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தது. பழைய சீட்டின்மேல் புதிய சீட்டை ஒட்டுவோம். பசை காய்ந்தால் புதியது உதிர்ந்துவிடும். தலைமையாசிரியனாக நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கே விபத்து நேராதது எங்கள் நல்லூழ்; எங்கள் திறமையன்று.

ஆகையால் அன்று வகுப்பில் சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிடுகிறேன். அமிலம் அது வந்த கேனை விட்டு வேறொரு பாத்திரத்துக்கு மாறவே கூடாது. மாற்றியே தீரவேண்டுமானால், உணவுக்கோ நீருக்கோ ஒருநாளும் பயன்படாத பாத்திரமாக இருக்கட்டும். ஊற்றுவதற்கு முன்பே பெயரை எழுதி ஒட்டிவிட வேண்டும். ஊற்றிய பிறகு ஒட்டலாம் என்று நினைப்பவன் ஒட்டுவதில்லை. கேனை நிழலிலும் காற்றோட்டத்திலும், கண்ணின் உயரத்துக்குக் கீழே வைக்க வேண்டும். உயரத்தில் வைத்த பாத்திரம் கவிழ்ந்தால் முகத்தில்தான் விழும்.

நீர்க்கச் செய்யும்போது முதலில் வாளியில் நீர். அதன் பிறகே அமிலம், சிறிது சிறிதாக. அமிலத்தின்மேல் நீரை ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். கந்தகத் திராவகத்தில் இது பேராபத்து. இதில் சற்றுக் குறைவு. ஆனால் கைக்குப் பழக்கம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடியும், நியோப்ரீன் அல்லது பியூட்டைல் கையுறையும் அணிவது அவசியம். மருத்துவமனைகளில் காண்கின்ற மெல்லிய கையுறைகள் செறிந்த அமிலத்தைத் தாங்கமாட்டா. அமில ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது பல நாடுகள் ஏற்றுள்ள வரம்பு. கண் கரிக்கும் கொட்டகையில் அந்த வரம்பைக் காற்று தாண்டிவிட்டது என்று எண்ணிக் கதவைத் திறப்பதே நலம். குளோரின் வாசம் வீசும் சலவைத் தூளை இதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

தோலில் பட்டால் நீர், நீர், நீர். ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். நனைந்த ஆடையைக் கழுவும்போதே களைந்துவிட வேண்டும். சோடா மாவைத் தோலின்மேல் தேய்த்து அமிலத்தை முறிக்க முற்படலாகாது. அந்த வினையில் பிறக்கும் சூடு புண்ணின்மேல் புண்ணாகும். தரையில் சிந்திய அமிலத்துக்குத்தான் சோடாவும் சுண்ணாம்பும். கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, இருபது நிமிடங்களேனும் கழுவிக்கொண்டிருக்க வேண்டும்; பிறகே வண்டியைத் தேடலாம். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து, அமிலத்தின் பெயர் எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இந்த அமிலம் சுட்ட இடத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாகவும் குடல் வழியாகவும் இரத்தத்தில் சேர்ந்து, இரத்தத்தையே புளிக்கச் செய்து, சிறுநீரகத்தையும் தாக்கும். வெளிப்புண் சிறிதாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிட்டவர்கள் ஆபத்துக்கு உள்ளாயிருக்கிறார்கள்.

உயிரணு ஒவ்வொன்றிலும் மூச்சுக்காற்றைப் பயன்படுத்திச் சக்தியை உண்டாக்கும் ஒரு நொதி இருக்கிறது. எறும்பமிலத்தின் அயனி அந்த நொதியைத் தடுத்துவிடும். முதலில் வாடுவது ஓயாமல் உழைக்கின்ற கண் நரம்பு. இதை நம் மாநிலம் மிகக் கொடிய முறையில் அறிந்திருக்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் கள்ளச்சாராயத்தால் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். மெத்தனால் வயிற்றில் விழுந்த உடனே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. குடித்தவருக்குப் போதை மட்டுமே தெரியும். ஈரல் அதைப் படிப்படியாக மாற்றுகிறது. முதலில் பார்மால்டிஹைடு, அடுத்து நம் எறும்பமிலம். அதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். பார்வை மங்குகிறது, பனிக்குள் இருப்பது போல இருக்கிறது என்று சொல்லத் தொடங்கும்போது அமிலம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நேற்றுக் குடித்தது இன்று என்ன செய்யும் என்று எண்ணிப் படுத்திருந்தவர்களே பலர். அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்து உண்டு. சோடா உப்பு நீரை இரத்தக் குழாயில் ஏற்றலாம். இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரமும் உண்டு. இவை யாவும் நேரத்தோடு வந்தவர்க்கே பயன்படும். உங்கள் தெருவில் யாரேனும் அவ்விதம் கண் மங்குகிறது என்று சொல்லக் கேட்டால், அவர் குடித்தது சரியா தவறா என்று அப்போது பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. அமிலத்தை விலைக்கு விற்பவர், வாங்குபவரின் பெயர், முகவரி, தேவை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், பதினெட்டு வயது நிறையாதவருக்கு விற்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் உத்தரவிட்டது. பெண்களின் முகத்தில் அமிலத்தை வீசிய கொடுமைகளைத் தொடர்ந்து பிறந்த உத்தரவு அது. கடைக்காரர் உங்களிடம் சான்று கேட்டால் சினந்துகொள்ளாதீர்கள்.

சென்ற ஆனியில் சாரல் நாளொன்றில் என் மாணவரை மீண்டும் பார்க்கக் கணவாயைக் கடந்து போயிருந்தேன். உடல் இளைத்திருந்தாலும் வேலைக்குத் திரும்பிவிட்டார். சுமை தூக்குவதில்லை, ஷீட்டை நிறுத்துக் கணக்கு எழுதுகிறார். கொட்டகையின் மூலையில் அமிலக் கேன் மரப்பலகையின்மேல் நின்றது. அதன்மேல் சிவப்பு வண்ணத்தில் ‘அமிலம்’ என்று பெரிதாகத் தமிழிலும், அதன் கீழே மலையாளத்திலும் அவரே எழுதியிருந்தார். கேனின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். இரண்டு மொழியும் படிக்கத் தெரியாத இளைஞர்கள் இப்போது வடக்கிலிருந்து வேலைக்கு வருகிறார்கள் என்றார். குடிநீர்ப் பானை கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு மாறியிருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர், சங்கிலியால் மரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது.